சிறை கண்டவர்கள் எழுதிய ஷரத்து

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. வந்தது போன பிறகு அது எத்தனை நாள் நினைவில் நிற்கும் என்பதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு விடை காண வேண்டுமானால் நம் நாட்டு அரசியல் சட்டம் பிறந்த கதையைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1946 டிசம்பர் 9ந் தேதி புது டில்லியில் அரசியல் நிர்ணய சபை முதன் முதலாகக் கூடியது. அங்கே வந்து அமர்ந்த அங்கத்தினர்களில் மிகப் பலர் சிறை சென்று மீண்டவர்கள். அதிலும் பலர் எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தப்படாமல், எந்தக் குற்றமும் ருஜுவாகாமல், வெறும் சர்க்கார் உத்தரவின் பேரில் மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் அடைபட்டுக் கிடந்தவர்கள். அதே சபை 1949 நவம்பர் 26ந் தேதி நிறைவேற்றிய அரசியல் சட்டத்தில், அதுவும் "அடிப்படை உரிமைகள்" என்ற அத்தியாயத்திலேயே, ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கச் சர்க்காருக்கு இடம் கொடுக்கும் ஷரத்து ஒன்று இருக்கிறது!

இது எப்படி நேர்ந்தது? கெட்ட எண்ணத்தினால் நேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சபையில் இருந்தவர்கள் தேசத்துக்காகச் சொத்து சுகங்களைத் துறந்தவர்கள். சட்ட ஞானத்தில் உலகில் எவருக்கும் இளைக்காதவர்கள். நல்லவர்கள், வல்லவர்கள், அனுபவஸ்தர்கள் கூடி எழுதியும் இப்படி ஒரு ஓட்டை விழுந்தது என்பதுதான், புதிதாகச் சுதந்திரம் பெறும் எந்த நாடும் தன் அரசியல் சட்டத்தை எழுத உட்காரும்போது படிக்க வேண்டிய பாடம்.

எதை எதிர்த்துப் போராடினார்கள்?

விசாரணையில்லாத சிறை என்பது வெள்ளைக்காரர் ஆட்சியில் வெகு காலமாக இருந்து வந்த ஆயுதம். வங்காளத்தில் 1818ம் வருஷத்து மூன்றாவது ரெகுலேஷன், சென்னையில் 1819ம் வருஷத்து இரண்டாவது ரெகுலேஷன் என்று கம்பெனி காலத்திலேயே அதற்குச் சட்டங்கள் இருந்தன.

முதல் உலக யுத்தம் முடிந்ததும், யுத்த காலத்து அதிகாரங்களை விட மனமில்லாத சர்க்கார் 1919ல் ரௌலட் சட்டத்தைக் கொண்டு வந்தது. வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை என்று ஜனங்கள் அதைப் பழித்தார்கள். அதை எதிர்த்து நாடெங்கும் ஒரு நாள் ஹர்த்தால் அனுஷ்டிக்கலாம் என்ற யோசனை மகாத்மா காந்திக்கு எங்கே உதித்தது தெரியுமா? சென்னையில்தான். ராஜாஜியுடன் தங்கியிருந்தபோது, விடியற்காலை அரைத் தூக்கத்தில் அந்த எண்ணம் தோன்றியதாகவும், எழுந்ததும் அதை ராஜாஜியிடம் கூறியதாகவும் காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கிளர்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் ஏப்ரல் 13ந் தேதி ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. ஆக, மகாத்மாவின் தலைமையில் நடந்த முதல் அகில இந்தியப் போராட்டமே, விசாரணையில்லாமல் மனிதனை அடைக்காதே என்பதற்காக நடந்த போராட்டம்தான்.

1942 ஆகஸ்டில் காங்கிரஸ் காரியக் கமிட்டியில் பெரும்பாலோரை வாரி அகமத்நகர் கோட்டையில் அடைத்தார்கள். பண்டித நேரு, சர்தார் படேல், மௌலானா ஆஜாத், ஆசாரிய கிருபளானி முதலியோர் மூன்று வருஷங்களுக்குச் சற்றுக் குறைவாக அங்கே கழித்தார்கள். அவர்கள் மீது வழக்கு உண்டா? இல்லை. நம் காமராஜும் அதே போரில் வேலூரிலும் பிறகு தொலைதூரத்து அமராவதியிலும் பாதுகாப்புக் கைதியாக மூன்று ஆண்டு இருந்தார். இவர்கள் எல்லோரும் பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினர்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சொற்றொடர் மாறிய கதை

ஆரம்பம் சரியாகத்தான் இருந்தது. 1947 ஏப்ரல் மாதம் 30ந் தேதி சபை ஒரு வாசகத்தை ஒப்புக்கொண்டது. சட்டத்தின் உரிய முறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். "உரிய முறை" என்ற இந்தச் சொற்றொடர் அமெரிக்க அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தது.

இதன் பலம் என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, அதன்படி ஒருவரை அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கோர்ட்டுக்குப் போகிறார். "உரிய முறை" என்று அரசியல் சட்டம் சொன்னால், நீதிபதி இரண்டு கேள்வி கேட்கலாம்: இவரை அடைக்கச் சட்டம் இருக்கிறதா? இருந்தால், அந்தச் சட்டமே நியாயமானதுதானா? இரண்டாவது கேள்வியில்தான் குடிமகனின் உயிர் நாடி இருக்கிறது.

அரசியல் சட்ட ஆலோசகராக இருந்த ஸர் பெனகல் நரசிங்க ராவ் மகா மேதாவி, அப்பழுக்கற்ற மனிதர். 1947ம் வருஷக் கடைசியில் அவர் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள சட்ட நிபுணர்களைக் கலந்து வந்தார். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் அவரை எச்சரித்தார். ஜனங்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையின் சட்டங்களைச் சில நீதிபதிகள் ரத்துச் செய்ய "உரிய முறை" இடம் கொடுத்து விடுகிறது. அது ஜனநாயகத்துக்கும் நல்லதல்ல, கோர்ட்டுகளுக்கும் பெரும் சுமை என்பது அவர் அபிப்பிராயம்.

அமெரிக்க அனுபவமும் அதற்குச் சாட்சியாக இருந்தது. ரொட்டிக் கடைத் தொழிலாளிகளை இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் ராஜ்யம் இயற்றிய சட்டத்தை 1905ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று தள்ளியது, இதே சொற்றொடரைக் காட்டித்தான். ஏழைக்கு உதவ வந்த சட்டம் பணக்காரரின் சுதந்திரத்தைக் காட்டி வீழ்த்தப்பட்டது. இங்கேயோ ஜமீன்தாரி ஒழிப்பு வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். சென்னை மாகாணத்தில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்ததும் 1948ல்தான். நாளைக்கு ஜமீன்தார்கள் இந்தச் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு கோர்ட் ஏறினால் என்ன செய்வது என்ற பயம் நியாயமான பயமே.

ஆகவே டாக்டர் அம்பேத்கார் தலைமையில் இயங்கிய நகல் தயாரிப்புக் கமிட்டி, "சுதந்திரம்" என்ற சொல்லுக்கு முன் "சொந்த" என்று ஓர் அடைமொழி சேர்த்து அதன் எல்லையைக் குறுக்கியது. "உரிய முறை" என்பதை எடுத்து விட்டு, "சட்டம் ஏற்படுத்திய முறை" என்று போட்டது. இந்த வாசகம் 1946ம் வருஷத்து ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 31வது ஷரத்தை ஒட்டியது. பார்ப்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் நீதிபதி கேட்கக்கூடிய இரண்டாவது கேள்வி இந்தச் சிறிய மாற்றத்திலே மறைந்து போயிற்று. சட்டம் இருக்கிறதா, அதன்படி நடந்தார்களா என்று பார்ப்பதோடு கோர்ட்டின் வேலை முடிந்து விடும்.

சபையில் எழுந்த குரல்கள்

சபை இதைச் சும்மா விட்டு விடவில்லை. 1948 டிசம்பர் 6ந் தேதி இந்த ஷரத்து விவாதத்துக்கு வந்தபோது, ஜனாப் காஜி சையத் கரிமுத்தீன் பழைய வாசகத்தையே மீண்டும் போட வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். நகல் கமிட்டியின் அங்கத்தினரான ஸ்ரீ கே. எம். முன்ஷியே எழுந்து, தம் கமிட்டியின் வாசகத்துக்கு மாறாக, அந்தத் திருத்தத்தை ஆதரித்தார். முன்ஷி சிறை சென்றவர். கட்சிப் பலம் உள்ள சர்க்கார் அவசரத்தில் அதிகாரங்களை வாரிக்கொள்ளும். அப்போது தனி மனிதனுக்குப் புகலிடம் கோர்ட்தான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எதிர்ப்புறம் நின்றவர் சென்னையின் சட்ட மேதை ஸர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். நாட்டின் சமுதாய, பொருளாதாரச் சீர்திருத்தங்களின் தலைவிதியை நீதிபதிகளின் தனிப்பட்ட அபிப்பிராயத்துக்கு விட்டு விடக் கூடாது என்று அவர் வாதாடினார்.

டிசம்பர் 13ந் தேதி டாக்டர் அம்பேத்கார் பதில் சொன்னார். அந்தப் பதில் விசித்திரமானது. கட்சிக்காரர்கள் நிரம்பிய சட்டசபை, தனி மனிதனின் உரிமையை மிதிக்கும் சட்டம் செய்யக் கூடும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் விருப்பு வெறுப்புகளுக்கு அப்பால் நின்று சட்டத்தை எடை போடுவார்கள் என்று நம்புவதும் கடினம் என்றார். இரண்டு ஆபத்துகளுக்கு நடுவே கப்பலைச் செலுத்துவது போன்ற நிலைமை என்று கூறி, முடிவைச் சபைக்கே விட்டு விட்டார். சபை திருத்தத்தை நிராகரித்தது.

அனுபவசாலிகள் நிறைந்த சபை ஏன் இப்படி வாக்களித்தது? அவர்கள் அப்போது கைதிகள் அல்ல, ஆளுகிறவர்கள். கண்ணுக்கு எதிரே அவர்கள் கண்ட காட்சிகளையும் மறந்து விடக் கூடாது. பிரிவினையில் ரத்த ஆறு ஓடியிருந்தது. 1948 ஜனவரி 30ந் தேதி மகாத்மா சுட்டுக் கொல்லப்பட்டார். ஹைதராபாத்தில் ரஜாக்கர்களின் அட்டகாசம். அதே சமஸ்தானத்துத் தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சி. வீடு பற்றி எரியும்போது விதிமுறை பேசுவாரா யாராவது என்ற மனநிலை அன்று இருந்தது.

ஈடு செய்ய வந்த ஷரத்து

ஆனால் மனச்சாட்சி உறுத்தாமல் இல்லை. 1949 செப்டம்பர் 15ந் தேதி டாக்டர் அம்பேத்கார் 15-ஏ என்ற புது ஷரத்தைக் கொண்டு வந்தார். முந்திய ஷரத்தை வெளியே பொதுஜனங்கள் மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள் என்றும், அதற்கு ஒரு வகையில் ஈடு செய்யவே இது வருகிறது என்றும் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் தடுப்புக் காவலில் வைக்கப்படுகிறவருக்கு இந்த விதிகள் கிடையாது என்று அதே ஷரத்து சொல்லிற்று. ஆலோசனைக் குழு ஒன்றின் அபிப்பிராயம் கேட்காமலேயே அவரை மூன்று மாதம் வைக்கலாம். பொது நன்மைக்கு விரோதம் என்று சர்க்கார் கருதும் தகவல்களை அவருக்குச் சொல்லாமலும் இருக்கலாம்.

சபையில் அனல் பறந்தது. லாகூர் ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த பக்ஷி தேக் சந்த், இது குடிமகனுக்குக் கொடுக்கும் உரிமைச் சாசனமல்ல, இஷ்டப்படி கைது செய்யச் சர்க்காருக்குக் கொடுக்கும் சாசனம் என்ற கருத்தில் தாக்கினார். பல முறை சிறை சென்ற ஸ்ரீ மகாவீர் தியாகி, நகல் கமிட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் சிறை அனுபவம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கேலியும் வேதனையும் கலந்து கூறினார். இனிமேல் அந்த அனுபவத்தைப் பெற முயல்கிறேன் என்று டாக்டர் அம்பேத்கார் சிரித்தபடி பதில் சொல்லும் வகையில் பேச்சுப் போயிற்று. சிரிப்போடு முடிந்த அந்தப் பேச்சில் சிரிக்க முடியாத உண்மை ஒன்று இருந்தது. இன்று ஆளும் கட்சி எழுதும் ஷரத்து, நாளை ஆள வரும் கட்சியின் கையில் இருக்கும் என்பதே அது.

கடைசியில் 15வது ஷரத்து 21 ஆகவும், 15-ஏ ஷரத்து 22 ஆகவும் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றன.

ஒரே மாதத்தில்

1950 ஜனவரி 26ந் தேதி குடியரசு பிறந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 26ந் தேதி, தடுப்புக் காவல் சட்டம் அமலுக்கு வந்தது. மசோதாவைக் கொண்டு வந்த சர்தார் படேல், அதற்கு முன் இரண்டு இரவுகள் தூக்கமில்லாமல் கழித்ததாகப் பார்லிமெண்டில் கூறினார். அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று வந்தது அந்தச் சட்டம். ஆனால் அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 1969 டிசம்பர் 31 வரை உயிரோடு இருந்தது. சர்தாருக்கு இரண்டு இரவு தூக்கம் போயிற்று. அவருக்குப் பின் நீட்டித்தவர்களுக்கு எத்தனை இரவு போயிற்றோ!

முதல் பெரிய சோதனை சென்னை ராஜ்யத்திலிருந்தே வந்தது. மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்தார். இடையில் விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தாகியும் வெளியே வர முடியவில்லை. 1950 மார்ச் 1ந் தேதி, சிறையில் இருக்கும்போதே, புதுச் சட்டத்தின் கீழ் மீண்டும் ஓர் உத்தரவு அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவருக்காக எம். கே. நம்பியார் வாதாடினார். சென்னை சர்க்கார் தரப்பில் அட்வகேட் ஜெனரல் கே. ராஜா அய்யரும், இந்திய சர்க்கார் தரப்பில் அட்டர்னி ஜெனரல் செதல்வாத்தும் நின்றார்கள்.

1950 மே 19ந் தேதி ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். காவலில் வைத்ததற்கான காரணங்களைக் கோர்ட்டுக்குக் கூடச் சொல்லக் கூடாது என்ற 14வது பிரிவை மட்டும் தள்ளினார்கள். கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. காரணம்? "உரிய முறை" என்ற வாசகத்தை அரசியல் நிர்ணய சபை யோசித்தே நீக்கியிருக்கிறது. அதை நாங்கள் பின்கதவு வழியாகக் கொண்டு வர முடியாது என்பதே பெரும்பாலோர் முடிவு. நீதிபதி பஸல் அலி மாத்திரம், முறை என்றால் அதில் நியாயமும் அடங்கியிருக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார். டிசம்பர் மாதம் சபையில் தள்ளப்பட்ட ஒரு திருத்தம், பதினேழு மாதம் கழித்து ஒரு மனிதனைச் சிறைக் கதவுக்குள்ளேயே நிறுத்தி விட்டது! அதே கோபாலன் 1952 தேர்தலில் லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, எதிர்க்கட்சி வரிசையில் கம்யூனிஸ்டுக் குழுவின் தலைவராக அமர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேனா கை மாறியது

ஸ்ரீ மகாவீர் தியாகி சொன்னதற்கு ஒத்த காட்சி 1975 ஜூன் 25ந் தேதி இரவு நடந்தது. நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. விடிவதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய் முதலியோர் காவலில் இருந்தார்கள். மொரார்ஜி, தடுப்புக் காவல் சட்டம் அமலில் இருந்த காலத்தில் பம்பாய் முதல் மந்திரியாகவும் மத்திய மந்திரியாகவும் இருந்தவர். ஷா கமிஷன் கணக்குப்படி, 1971ல் வந்த மிஸா சட்டத்தின் கீழ் மட்டும் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டார்கள். 1976 ஜனவரி 31ந் தேதி தி.மு.க. மந்திரி சபை கலைக்கப்பட்ட பிறகு சென்னை மத்தியச் சிறையும் மிஸா கைதிகளைக் கண்டது.

கைதிகள் பல ஹைகோர்ட்டுகளில் மனுப் போட்டு ஜயித்தார்கள். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகைமையால் ஒருவனைக் கொன்று விட்டால் கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும் வரை இல்லை என்று சர்க்கார் வக்கீல் பதில் சொன்னார். 1976 ஏப்ரல் 28ந் தேதி, ஐவரில் நால்வர் சர்க்கார் பக்கமே தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினார். அடுத்த ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போயிற்று. கன்னா ராஜிநாமாச் செய்தார்.

அதன் பிறகுதான் விழிப்பு வந்தது. 1978 ஜனவரி 25ந் தேதி மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட், சட்டம் ஏற்படுத்தும் முறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருந்தாக வேண்டும் என்று தீர்ப்புக் கூறியது. நிராகரிக்கப்பட்ட "உரிய முறை" வேறு பெயரில் வந்து சேர்ந்தது. அதே 1978ல் நிறைவேறிய 44வது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21வது ஷரத்தை முடக்க முடியாதபடி செய்தது. 1976ம் வருஷத்துத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட் 2017ல் வெளிப்படையாகவே கூறி அதை நீக்கியது.

குடியரசு பிறந்த நாளிலிருந்து 1978ம் வருஷத் தீர்ப்பு வரை கணக்குப் போட்டால் ஒரு நாள் குறைய 28 ஆண்டுகள்! தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான். மூன்று சொற்களைச் சபையிலேயே சரியாக வைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பத்துக்கு, ஒரு தலைமுறை சிறை வாசத்தால் விலை கொடுத்தது.

அச்சம் நியாயம், பரிகாரம்?

அன்றைய தலைவர்களின் அச்சங்கள் பொய் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உரிய முறை" இருந்தால் ஜமீன் ஒழிப்பு நின்று விடும் என்பதுதான் பெரிய பயம். சொத்துரிமைக்கோ அரசியல் சட்டத்தில் தனி ஷரத்து எழுதப்பட்டது. உயிர், சுதந்திரம் பற்றிய ஷரத்திலும் "சொந்த" என்ற அடைமொழியைச் சேர்த்து எல்லையைக் குறுக்கியாகி விட்டது. சொத்துக்கு வேறு வேலி, உடலுக்கு வேறு வேலி என்று பிரித்த பிறகு, நிலத்துக்காக ஏற்பட்ட பயத்தை மனிதனின் உடல் மீது சுமத்த வேண்டிய அவசியம் என்ன? இந்தக் கேள்விக்கு அன்றைய விவாதத்தில் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

கலவர காலத்துக்கு விசேஷ அதிகாரம் வேண்டும் என்றால், அதற்கும் கால எல்லை வைத்திருக்கலாம். யுத்தம், படையெடுப்பு, பெருங் கலகம் ஆகிய காலங்களில் மட்டும் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதாமல், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஒன்று போல் எரியும் விளக்காக, அமைதிக் காலத்துக்கும் சேர்த்து அதை அடிப்படை உரிமைகளுக்குள்ளேயே வைத்து விட்டார்கள். நெருக்கடிக்கு என்று பிறந்த அதிகாரம் நெருக்கடியோடு சாவதில்லை. அது சர்க்காருக்குப் பழக்கமாகி விடுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. மலாயா 1957ல் சுதந்திரம் பெற்றபோது அதன் அரசியல் சட்டத்திலும் தடுப்புக் காவலுக்கு இடம் இருந்தது. 1960ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல்தான் நீங்கியது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் கதை இன்னும் துயரமானது. அந்நாட்டின் சுதந்திரப் போராட்டத்தில் குவாமே இங்க்ருமாவும் ஜே. பி. டான்குவாவும் 1948ல் ஒன்றாகக் கைதானவர்கள். 1957ல் நாடு விடுதலை பெற்றது. 1958ல் இங்க்ருமா சர்க்கார் தடுப்புக் காவல் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட டான்குவா 1965 பிப்ரவரியில் சிறையிலேயே உயிர் விட்டார். வெள்ளைக்காரன் சிறையிலிருந்து இருவரும் உயிரோடு திரும்பினார்கள். சொந்த நாட்டுச் சிறையிலிருந்து ஒருவர் திரும்பவில்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அன்னியன் அடைத்தால் அக்கிரமம், நம்மவர் அடைத்தால் அவசியம் என்று எண்ணுவதும் அந்த நியாயம்தான். பூட்டு ஒன்றுதான், உள்ளே இருப்பவருக்கு இருட்டும் ஒன்றுதான்.

புது நாடுகளுக்கு ஒரு சொல்

இதையெல்லாம் சொல்வது அரசியல் நிர்ணய சபையின் பெருமையைக் குறைப்பதற்கு அல்ல. எழுத்தறிவு நூற்றுக்கு இருபது பேருக்குக் கூட இல்லாத நாட்டில், வயது வந்த அனைவருக்கும் ஓட்டுரிமை கொடுத்த துணிச்சல் அந்தச் சபையுடையது. வந்த திருத்தங்கள் சுமார் 7,635. சபையில் கொண்டு வரப்பட்டு விவாதிக்கப்பட்டவை 2,473. கரிமுத்தீனும் தேக் சந்தும் தியாகியும் தோற்றார்கள். ஆனால் தோற்றவர்களின் பேச்சும் ஓர் எழுத்து விடாமல் அச்சேறி நூலாக இருக்கிறது. பின்னால் வந்த தலைமுறை தவறு எங்கே நேர்ந்தது என்று தேடிக் காண முடிந்ததற்கு அதுவே காரணம். பூட்டை மாட்டிய சபையே சாவி இருக்கும் இடத்தையும் எழுதி வைத்து விட்டுப் போயிருக்கிறது.

ஆனால் அந்தச் சாவியை முழுதும் திருப்பி விட்டோமா? இல்லை. 44வது திருத்தத்தில் ஒரு பகுதி, ஆலோசனைக் குழுவைக் கேட்காமல் வைக்கக்கூடிய மூன்று மாதத்தை இரண்டு மாதமாகக் குறைத்தது. குழுவில் இருக்க வேண்டிய நீதிபதிகளைப் பற்றியும் கட்டுப்பாடு விதித்தது. பார்லிமெண்டு நிறைவேற்றிய அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டு வரும் தேதியை மத்திய சர்க்கார் இன்று வரை அறிவிக்கவில்லை. 1978லிருந்து டில்லியில் எத்தனையோ கட்சிகள் ஆண்டு விட்டன. எதிர்க்கட்சியில் இருக்கும்போது தடுப்புக் காவலைக் கண்டிக்காத கட்சி கிடையாது. ஆட்சிக்கு வந்த பின் அந்தத் தேதியைக் குறித்த கட்சியும் கிடையாது! 1980ம் வருஷத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982ம் வருஷத்துக் குண்டர் சட்டம் இருக்கிறது. சாராயம் காய்ச்சுகிறவர், குண்டர் என்று தொடங்கிய அதன் பட்டியலில் திருட்டு வீடியோக்காரர், கம்ப்யூட்டர் குற்றவாளி என்று பிறகு மேலும் பலர் சேர்க்கப்பட்டார்கள்.

குற்றம் செய்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வழக்குப் போடு, சாட்சி கொண்டு வா, ருஜுப்பித்துத் தண்டி என்பதுதான் கோரிக்கை. அதற்குச் சோம்பிய சர்க்கார் கையில் எடுக்கும் குறுக்கு வழியே தடுப்புக் காவல்.

புதிதாக ஒரு நாடு அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தால், நிபுணர்களை அழைக்கட்டும். பல தேசத்துச் சட்டங்களைப் படிக்கட்டும். ஆனால் கைதையும் காவலையும் பற்றிய ஷரத்துக்கு வரும்போது, எழுதுகிறவர்கள் தங்களை மந்திரியின் நாற்காலியில் வைத்துப் பார்க்க வேண்டாம். தங்களுக்குப் பிடிக்காத கட்சி ஆள்கிறது, தாங்கள் காரணம் தெரியாமல் சிறையில் இருக்கிறோம், வெளியே மனைவி மக்கள் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து விட்டுப் பேனாவை எடுக்கட்டும். அகமத்நகர் கோட்டையில் அதை எழுதச் சொல்லியிருந்தால் நம் தலைவர்களும் வேறு விதமாகத்தான் எழுதியிருப்பார்கள்.